எங்கள் வீட்டுக் கன்னிக்குக் குளிரும்

சின்ன வயதில் நான் உடுத்திய பாவாடைகளில் பாதி, செத்துப்போன ஒருத்தி ஒரு வருஷம் வைத்திருந்து கொடுத்தவை.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவோம். பனையோலைப் பெட்டி ஒன்றில் புதுப்பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், பூ எல்லாம் வைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் படையல். அன்றைக்குப் பெட்டியை இறக்கிப் புதுத்துணி வைத்துவிட்டு, போன வருஷத்துத் துணியை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். காய்ந்த மரிக்கொழுந்து வாசனை அடிக்கிற பாவாடையோடு பள்ளிக்கூடம் போய் நிற்பேன். இது யாருடையது என்று கேட்டால் பெரியம்மாவுடையது என்று சொல்லுவேன். பொய் இல்லையே.

கன்னி என் அம்மாவின் அக்கா. அம்மாவுக்கு அஞ்சாறு வயதிருக்கும்போது, ராசிங்காபுரத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவள். அப்போதெல்லாம் நடந்துதான் ஏறுவார்கள். மலையில் மட்டும் மழை கொட்டியிருக்கிறது; போகிற வழியில் ஓடை ஒன்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடப் போனவர்கள் அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடித்து, வந்த தையிலேயே கன்னியாகக் கும்பிட்டுவிட்டார்கள். அவளுக்குப் படம் கிடையாது. அம்மாவுக்கு அவளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காது வளர்ப்பதற்காக அக்கா போட்டிருந்த ஈயக் குணுக்கைக் கைக்குழந்தையாக இருந்த அம்மா பிடித்து இழுத்ததில், இடது காது மடல் அறுந்து இரண்டாகத் தொங்கும்.

அந்தக் கன்னி என் அம்மா மேல்தான் வருவாள். அம்மாவுக்குப் பதின்மூன்று வயதானதிலிருந்தே வருகிறாள். உறுமி அடிக்க அடிக்க அம்மாவின் கண் மேலே சொருகும். பல்லைக் கடித்துக்கொண்டு, "குளிருது... எனக்குக் குளிருது..." என்பாள். அப்பா வீட்டோடு மாப்பிள்ளை. ஒரு கம்பளியை எடுத்து ஓடி வந்து போர்த்துவார். ஒரு வருஷம் நான் அழுதுகொண்டே போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். குனிந்து என்னைப் பார்த்து, "இது யாரு பிள்ளை?" என்று கேட்டாள். பேய்க்கதைகளுக்குப் பயப்படாதவள் என்று எனக்குப் பெயர். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் பயப்படுகிறேன்.

படையல் முடிந்ததும் இன்னொன்று நடக்கும். அந்தக் கம்பளியை மட்டும் அம்மா பெட்டியில் வைக்க விடமாட்டாள். மறுநாள் விடிந்ததும் போடிக்குப் போய், போடிமெட்டுப் பக்கம் ஆளேற்றிக்கொண்டு நிற்கிற ஜீப்பில் யாராவது ஒரு பெண்ணிடம் கொடுப்பாள். "மேல வயசாளி பொம்பள யாருக்காச்சும் குடுத்துரு தாயி" என்பாள். தர்ம காரியம் என்று நினைத்திருந்தேன். நமக்கே போர்வை கிழிந்திருக்கிறது, ஊருக்குக் கம்பளி தானமா என்று கேட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன வருஷம் வீட்டை இடித்துக் கட்ட முடிவு செய்தோம். கான்கிரீட் வீட்டில் உத்தரம் ஏது, பெட்டியை எங்கே தொங்கவிடுவது? தோட்டத்தில் ஒரு கல் நட்டு அங்கேயே கும்பிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு கொக்கி போட்டாள்.

"சும்மா கல்லு நட்டா அது வெறுங்கல்லு. அவ செத்த எடத்துலெருந்து ஒரு பிடிமண்ணு கொண்டா. அதைப் போட்டுத்தான் நடணும்."

"அந்த ஓடை எங்க இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்? ஆத்தோட போனவளுக்கு எந்த எடத்துல மண்ணு எடுக்க?"

"ஆபீசுல ஒக்காந்து ஊரு கரண்டு பில்லெல்லாம் தேடி எடுக்குறேல்ல. இதத் தேட மாட்டியா? நான் கண்ண மூடுறதுக்குள்ள தேடு ஆத்தா."

எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைவு, அம்மாவின் பிடிவாதத்தில் நம்பிக்கை அதிகம். அவள் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்ததும் நான் தேட ஆரம்பித்தேன்.

போடியில் பழைய ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். முன்கூடத்தில் சலிக்கிற தட்டுகள், தராசு, கங்காணியின் குடை, பழைய துரைமார் படங்கள். பின்னால் ஒரு அறை, ஆராய்ச்சி நூலகம். மூட்டைகள் போய் எத்தனையோ காலமான பிறகும் சுவரில் ஏலக்காய் வாசனை போகவில்லை. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஊர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள், சட்டம் பேசுவதில் கறார்.

"சேச்சி, பேனா உள்ள கொண்டுபோகக் கூடாது கேட்டோ. பென்சில் மட்டும்."

சனிக்கிழமைதோறும் போனேன். தோட்டங்களின் வரைபடங்களை விரித்து ஓடைகளை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். மலையில் ஓடைக்கா பஞ்சம்? விபத்துக் காகிதங்களில் சரிந்த பாலம் இருந்தது, செத்த கோவேறு கழுதை இருந்தது, எங்கள் கன்னி இல்லை. கழுதைக்கு இருந்த மதிப்புகூட ஏலக்காய் எடுக்கப் போன பெண்ணுக்கு இல்லை என்று எரிச்சலாக வந்தது. அந்தப் பெண்ணிடமே கத்தினேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

கத்தல் ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "சில வருஷம் முன்னாடி காலேஜ் பிள்ளைங்க வந்து, தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற வயசான பெண்ணுங்க பேச்சைப் பதிவு பண்ணி இங்க குடுத்திருக்காங்க. பெருமழை, வெள்ளம் பத்தியெல்லாம் பேசியிருக்காங்க. அந்த ஓடையைத் தெரிஞ்சவங்க இருக்கலாம். கேக்குறீங்களா?"

காதில் ஹெட்போன் மாட்டிவிட்டாள். முதலில் பேசிய கிழவி அட்டைக்கடியைப் பற்றியே பேசினாள். அடுத்தவள் பேசியதைவிட இருமியதுதான் அதிகம். மூன்றாவது பதிவைத் தொடங்கியதும் சட்டென்று ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் அம்மா நின்று பேசுவதாகத் தோன்றியது. பின்னால் பீரோதான் இருந்தது.

மறுபடி மாட்டினேன். அம்மாவின் குரல்தான். அதே கரகரப்பு, வாக்கியம் முடியும் இடத்தில் அதே இழுப்பு. நடுவில் மட்டும் என் அம்மா பேசாத மலையாளம்.

"எனக்கு ஊரு ராசிங்காபுரம். காய் எடுக்க வந்த பிள்ளை நான். ஓடை இழுத்துட்டுப் போயி எங்கயோ கீழ பாறையில சொருகிருச்சு. இந்த லயத்து ஆளுகதான் தூக்கிட்டு வந்தாக. காலு ஒடிஞ்சு போச்சு. மழை விடல, பாதையெல்லாம் இடிஞ்சு கெடக்கு. பின்னே நான் எந்திரிச்சு நடக்கும்போது தை கழிஞ்சு போச்சு. கீழெருந்து வேலைக்கு வந்த ஒருத்தி சொல்றா, உனக்குக் கருமாதி ஆயிருச்சு, உன்னையக் கன்னியா வச்சுக் கும்பிட்டாச்சுன்னு."

பதிவு செய்கிற பையன் ஏதோ கேட்கிறான், சரியாகப் புரியவில்லை. அவள் சிரிக்கிறாள்.

"எப்படிப் போறது? கருமாதி செஞ்ச வீட்டுக்குள்ள செத்தவ நடந்து வந்தா வீடு வெளங்குமா? அதுவும் சாமியாக்கிட்டாக. சாமி போயி வாசல்ல நின்னு எனக்குச் சோறு போடுன்னு கேக்குமா? என்னையத் தூக்கிட்டு வந்தவரே என்னையக் கட்டிக்கிட்டாரு. சாரமில்ல. நல்ல மனுசன்."

நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, நிறுத்தத் தெரியவில்லை.

"ஒருக்கா எறங்கிப் போனேன். லோடு லாரியில ஏறி, முக்காடு போட்டுக்கிட்டு. எனக்குப் படையல் போடுற நாளு. தெரு முக்குல நின்னு பாக்குறேன். எந்தங்கச்சி மேல நான் எறங்கி ஆடுறேன். நான் தெருவில நிக்கிறேன், உள்ள நான் ஆடுறேன். என்ன வேணும்னு கேக்குறாக. எனக்குக் குளிருதுன்னு சொல்லுது சாமி. எனக்குக் குளிரத்தான் செஞ்சுச்சு அப்பு. பின்னே அவ எல்லாருக்கும் துண்ணூறு பூசிக்கிட்டே தெருமுக்கு வரைக்கும் வந்துட்டா. எனக்கும் பூசுனா. என் துண்ணூறை எனக்கே பூசுனா. நான் கும்பிட்டுட்டு ஏறி வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பேசியது ஏலச்செடியைப் பற்றி.

என் நினைப்பெல்லாம் பாவாடைகளில் இருந்தது. நான் உடுத்திக் கிழித்த ஒவ்வொரு பாவாடையும், இரண்டு மணி நேர ஜீப்புத் தூரத்தில் புருஷனும் குடும்பமுமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒருத்திக்கு, செத்தவள் என்று நினைத்து வைத்த துணி. அப்படியானால் வருஷா வருஷம் என் அம்மா மேல் ஏறி, என்னைப் பார்த்து இது யாரு பிள்ளை என்று கேட்டது யார்? பட்டப்பகலில், மின்விசிறி ஓடுகிற அறையில், எனக்குக் குளிர்ந்தது.

பதிவைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். அந்தப் பெண் முடியாது என்று தலையாட்டினாள். "குரல் குடுத்தவங்க குடும்பத்தோட சம்மதம் வேணும் சேச்சி. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "எங்க வீட்டுச் சாமி" என்றுதான் வந்தது.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். பிறகு எங்கேயோ போன் போட்டு விசாரித்தாள். பேசிய கிழவி இறந்து சில வருஷம் ஆகிவிட்டது. மகன் அதே தோட்டத்தில் இருக்கிறான்.

ஒரு வாரம் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணி எண்ணித் தூக்கம் போயிற்று. அவளுக்குச் சொத்து, கௌரவம் எல்லாமே அந்த ஒருநாள் சாமிதான். சொந்தபந்தம் மொத்தமும் அவள் காலில் விழுந்து குறி கேட்டிருக்கிறது. கன்னி சாகவே இல்லை என்றால் இத்தனை வருஷம் ஆடிய என் அம்மா யார்? பொய்க்காரியா, பைத்தியமா? கிணறு வெட்டப் போய்ப் பூதத்தை எழுப்பியாயிற்று. ஆனால் சொல்லாமல் ஏதாவது ஓடைக்கரையில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கொடுக்கவும் என்னால் முடியவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை குறைவுதான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டுவிட்டேனே.

"ஒரு கெழவி அந்த ஓடையைப் பத்திப் பேசியிருக்காளாம், வா கேப்போம்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன்.

நூலகத்துப் பெண் ஹெட்போனை மாட்டிவிட்டு, அம்மாவின் கொண்டையைச் சரிசெய்தாள். எனக்கு எதுவும் கேட்காது. திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவு மனப்பாடம் ஆகியிருந்ததால், அம்மாவின் முகத்தை வைத்தே எந்த இடம் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் வார்த்தையிலேயே அவள் கை மேசையைப் பிடித்தது. அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ கதை சொல்வதைக் கேட்பவளாக "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருந்தாள். காதை அடைத்திருந்ததால் அவளுக்குத் தன் சத்தம் தெரியவில்லை. அறை முழுக்க அந்த "ம்" கேட்டது. ஒரு இடத்தில் "அட பாவி மகளே" என்றாள். வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

துண்ணூறு பூசுகிற இடம் வந்திருக்க வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, தெளிவாகச் சொன்னாள்:

"தெரியும்டி."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சாரமில்லன்னா என்னத்தா?"

"பரவாயில்லன்னு அர்த்தம்மா."

அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"துண்ணூறு பூசையில முக்காடு வெலகுச்சு. அந்தக் காதைப் பாத்தேன். நான் இழுத்து அத்த காது. என் கையி தானா நின்னுபோச்சு."

"கூப்பிட்டிருக்கலாம்லம்மா."

"மேளம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு ஆத்தா. சனம் பூரா என் காலடியில கெடக்கு. நான்தான் அவன்னு கும்பிடுறாக. அந்நேரம் நான் அவளை என்ன சொல்லிக் கூப்பிட? ஆட்டம் நின்னதும் தெரு முக்குக்கு ஓடுனேன். ஆளக் காணல. காத்து கருப்பத்தான் பாத்தேனோன்னு ஒரு வருசம், இல்ல அவதான்னு ஒரு வருசம், இப்படியே போச்சு. சொன்னா என்னையப் பொய்க்காரிம்பாக. எனக்குப் பயம். வேற என்ன சொல்ல?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அப்ப அதுக்கப்புறம் வருசாவருசம் உம்மேல வந்தது யாரும்மா?"

அம்மா ஆறிப்போன டீயைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கும் தெரியாது. ஆனா குளிருதுன்னு கேட்டது பொய்யில்ல. அம்புட்டு ஒசரத்துல அவளுக்குக் குளிரத்தானே செஞ்சிருக்கும்." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அதுவரைக்கும் கம்பளியப் பெட்டியிலதான் வச்சோம். அவளப் பாத்ததுக்கு மறு வருசத்துலெருந்துதான் ஜீப்புக்குக் குடுத்துவிட்டேன். எந்தத் தோட்டம்னு தெரியாது. இத்தன கம்பளி போயிருக்கு. ஒண்ணாச்சும் அவகிட்டப் போயிச் சேந்திருக்கும்ல?"

சேர்ந்திருக்கும் என்றேன். வேறு என்ன சொல்வது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ செத்த எடத்து மண்ணு கொண்டா என்று அவள் என்னை அனுப்பியது ஓடைக்கரையைத் தேடுவதற்காக அல்ல. அக்கா உண்மையாகவே எங்கே செத்தாள், அல்லது இன்னும் இருக்கிறாளா என்று வாய்விட்டுக் கேட்க முடியாதவள், மண்ணைக் கேட்டிருக்கிறாள்.

மார்கழியில் மலைக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அம்மா வாந்தி எடுத்தாள். பெரியம்மாவின் மகன் என்னைவிட மூத்தவர், என் அம்மாவைப் பார்த்ததும் அதிர்ந்து நின்றார். முகமா குரலா என்று தெரியவில்லை. லயத்துக்குக் கீழே, ஏலச்செடிகளுக்கு நடுவில் பெரியம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டினார்.

"கீழ தனக்கு ஆரும் இல்லன்னுதான் அம்மை சொல்லும்" என்றார்.

அம்மா குனிந்து, ஈரமும் கருப்புமாக இருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் வீட்டில் கம்பளி ஏதாவது இருக்கிறதா என்று அவள் பார்வை சுற்றியது எனக்குத் தெரியும். கொடியில் பழைய போர்வைகள் கிடந்தன. எதுவும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டோம்.

இந்தத் தையில் பழைய வீட்டில் கடைசிப் படையல். பாவாடைக்குப் பதிலாக அம்மா ஒரு சேலை எடுத்து வரச் சொன்னாள். பிள்ளை பெத்தவளுக்குப் பாவாடை எதுக்கு என்றாள். சொந்தக்காரர்கள் ஏன் என்று என்னைக் கேட்டார்கள், கடையில் இல்லை என்று சமாளித்தேன். பெட்டிக்கு முன்னால் பிடிமண் ஒரு இலையில் இருந்தது. உறுமிக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவள் இல்லை.

அடுப்படியில் தேடினேன், கொல்லையில் தேடினேன். கடைசியில் வாசலுக்கு வந்து பார்த்தால், தெரு முக்கில் கரண்டு கம்பத்தடியில் ஒருத்தி முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போன பிறகுதான் அம்மா என்று தெரிந்தது. உள்ளே உறுமி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காகம்மா. வெரசா வா."

அவள் அசையவில்லை. வாசலையும், அதற்குள் தெரிந்த விளக்கையும், காத்திருக்கிற கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இங்கெருந்து பாத்தா வீடு நல்லாத்தான் தெரியுது."